பழைய லாரி இன்ஜின்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

இங்கே சொல்வது மெக்கானிக்கல் இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எலிமெண்ட் வரிசையாக உள்ள டீசல் பம்ப்) வைத்த 6 சிலிண்டர் டீசல் இன்ஜின்களுக்கு. டாடா 697 (97 மி.மீ. போர், 128 மி.மீ. ஸ்ட்ரோக், 5,675 சி.சி.), லேலண்டில் வந்த ஹினோ வகை போன்றவை. காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் விடும் முறை), சென்சார் உள்ள வண்டிகளுக்கு இதில் பாதி பொருந்தாது.

பழைய இன்ஜினில் எந்தக் கோளாறு வந்தாலும் பட்டறையில் முதலில் காதில் விழுவது "கிட் போயிடுச்சு, இறக்கிடலாம்" என்பதுதான். கிட் என்றால் பிஸ்டன், ரிங், லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) சேர்ந்த செட். அப்படி இறக்கிய இன்ஜின்களில் கணிசமானவற்றுக்கு வெளியில்தான் கோளாறு: காற்று இழுக்கும் ஒரு வாஷர், அடைத்த ஃபில்டர், ஒழுகும் நாசில் (இன்ஜெக்டரில் டீசல் பீய்ச்சும் முனை), திரும்பாத எக்ஸாஸ்ட் பிரேக் (புகைப் பாதையைத் தகட்டால் மூடி வேகம் குறைக்கும் பிரேக்). அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறோம். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

மீட்டரில் உள்ள கிலோமீட்டரை மட்டும் நம்பவும் வேண்டாம். திருச்செங்கோட்டு ரிக் (போர்வெல் போடும்) வண்டி, தண்ணீர் லாரி, டிப்பர் எல்லாம் நின்ற இடத்தில் மணிக்கணக்கில் ஓடுகிற இன்ஜின்கள். மீட்டர் நகராமலே லைனர் தேய்ந்திருக்கும். அவற்றுக்கு ஓடிய மணிநேரத்தைக் குறித்து வைப்பதுதான் கணக்கு.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ், கையால் மாட்டும் மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ், ஒரு மீட்டர் கண்ணாடி டியூப் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப்), 5 லிட்டர் கேன், சோப்புத் தண்ணீர், ஒரு அட்டைத் துண்டு. அட்டை எதற்கு என்றால், ஹை பிரஷர் பைப்பில் கசிவு தேட விரலை வைக்கவே கூடாது. 200 பார் அளவில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் கையையே இழக்க நேரலாம். பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை

ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருவர் சைலன்சர் வாயைப் பார்க்கட்டும். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு பாதை.

அதற்கும் முன்னால் சுற்றும் வேகம். டீசல் இன்ஜின் தன் அமுக்கச் சூட்டில்தான் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு வராது. இரண்டு பேட்டரியும் சேர்ந்து 24 வோல்ட் சிஸ்டத்தில், செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 18-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். வோல்டேஜ் நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால், மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கவும். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் அல்லது அதன் லக் துரு. செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன் இதைப் பார்த்தால் பல நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

புகை இல்லாவிட்டால்: முதலில் ஸ்டாப் கேபிள் (இன்ஜினை அணைக்க இழுப்பது). துருவால் இறுகி, பம்ப் லீவர் பாதி ஸ்டாப்பில் நின்றிருக்கும். கையால் லீவரைத் தள்ளிப் பார்க்கவும். அது சரியாக இருந்தால் ஏர் எடுக்கவும். ஃபீட் பம்பில் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்னப் பம்ப்) உள்ள பிரைமரை, அதாவது கையால் அடிக்கும் குமிழைத் திருகி விடுவித்து அடிக்கவும். ஃபில்டர் மேலே உள்ள பிளீடர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை அடித்து, பிரைமரை அமுக்கிய நிலையிலேயே ஸ்க்ரூவை இறுக்கவும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப் கேலரி (பம்புக்குள் டீசல் நிற்கும் பாதை) பிளீடர், அதே முறை. பிறகு மூன்று இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடிக்கவும். டீசல் சொட்டியதும் இறுக்கவும். ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடம் விடவும். பிரைமரைத் திரும்பத் திருகி மூட மறந்தால் அதுவே அடுத்த ஏர் லாக்குக்கு வழி.

ஏர் எடுத்தால் ஓடுகிறது, மறுநாள் காலை மறுபடி பழைய கதை என்றால், டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள சக்ஷன் பக்கத்தில் கசிவு. அங்கே டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் பைப் காய்ந்து சுத்தமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபீட் பம்புக்கு வரும் லைனில் கண்ணாடி டியூபைச் சேர்த்து ஓட விட்டால் குமிழி தெரியும். பிறகு டேங்க் லைனைக் கழற்றி, கேனில் டீசல் ஊற்றி பம்பை விட உயரத்தில் கட்டி அதிலிருந்து ஓட்டவும். குமிழி நின்றால் கோளாறு டேங்க் பக்கம்: வெடித்த ஹோஸ், டேங்குக்குள் உள்ள பிக்கப் பைப்பின் ஓட்டை, பேன்ஜோ போல்ட்டின் (நடுவில் டீசல் போகும் துளை உள்ள போல்ட்) காப்பர் வாஷர். கேனிலிருந்து ஓட்டியும் அதே தொல்லை வந்தால் ஃபீட் பம்பைச் சந்தேகிக்கவும். அதன் வால்வையும் சீட்டையும் பார்க்கவும். காப்பர் வாஷரைப் பழையதையே போட வேண்டி வந்தால் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டு, சமமான இடத்தில் நைஸ் எமரியில் தேய்த்த பிறகு போடவும். ஒருமுறை நசுங்கிய செம்பு கடினமாகிவிடும், எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.

வெள்ளைப் புகை வந்தும் எடுக்காவிட்டால்: டைமிங் நகர்ந்திருக்கலாம். பம்ப் கப்ளிங் போல்ட் தளர்ந்திருக்கிறதா, கப்ளிங்கில் உள்ள கோடும் பம்ப் முகத்தில் உள்ள கோடும் சேருகின்றனவா என்று பார்க்கவும். அது சரி என்றால் கம்ப்ரஷன் சோதனை. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

காலையில் நன்றாக எடுத்து, சூடானபின் நிறுத்தினால் எடுக்க மறுக்கும் வண்டி தனி ரகம். பம்ப் எலிமெண்ட் (பிளஞ்சரும் அது ஓடும் குழலும்) தேய்ந்திருந்தால், சூட்டில் இளகிய டீசல் பிளஞ்சரைத் தாண்டிக் கசிந்து, செல்ஃப் வேகத்தில் நாசிலைத் திறக்கும் பிரஷர் வராது. பம்ப் மேல் ஈரச் சாக்கைப் போட்டு 10 நிமிடம் ஆறவிட்டு அடித்துப் பார்க்கவும். எடுத்தால் பம்பைக் கடைக்கு அனுப்பி எலிமெண்ட் மாற்றி, பெஞ்சில் காலிபரேஷன் செய்யச் சொல்லவும். கடைக்காரர் ஸ்க்ரூவைத் திருகி "டீசல் கூட்டி" அனுப்புவதை ஏற்க வேண்டாம். அது கொஞ்ச நாள் எடுக்கும், பிறகு பிஸ்டனை உருக்கும்.

இழுவை இல்லை

1. ஆக்சிலரேட்டரை ஒருவர் முழுக்க மிதிக்க, பம்ப் லீவர் மேக்ஸிமம் ஸ்டாப் போல்ட்டைத் தொடுகிறதா பாருங்கள். புஷ் தேய்ந்த லிங்கேஜ்களில் பெரும்பாலும் தொடாது.
2. எக்ஸாஸ்ட் பிரேக் பட்டர்ஃபிளை கரியில் இறுகிப் பாதி மூடி நிற்கிறதா? இழுவை போகும், கரும்புகை வரும், இன்ஜின் சூடேறும். மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் இதுதான்.
3. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டவும். இழுவை திரும்பினால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு.
4. டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, வாட்டர் செபரேட்டரை வடிக்கவும். ஃபில்டருக்குள் கறுப்புக் கொழகொழப்பு இருந்தால் டேங்கையே கழுவ வேண்டும், இல்லாவிட்டால் புது ஃபில்டரும் சீக்கிரமே அடைக்கும்.
5. இன்ஜெக்ஷன் பம்பிலிருந்து ரிட்டர்ன் போகும் இடத்தில் உள்ள ஓவர்ஃப்ளோ வால்வு. அதற்குள் ஸ்பிரிங்கும் பந்தும் இருக்கும். கேலரியில் 1 முதல் 1.5 பார் பிரஷரைப் பிடித்து வைப்பது அதன் வேலை. தொலைந்துபோய் யாராவது அங்கே சாதா பேன்ஜோ போல்ட்டைப் போட்டிருந்தால் மேட்டில் வண்டி திணறும்; பம்ப், நாசில் எல்லாம் மாற்றினாலும் தீராது.
6. டர்போ வண்டியில் இன்ஜினை ரேஸ் செய்து, டர்போவிலிருந்து மேனிஃபோல்டு வரை ஹோஸ்களில் சோப்புத் தண்ணீர் அடிக்கவும். பிறகு இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, டர்போ வீலைக் கையால் அசைத்துப் பார்க்கவும்: பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், பிளேடு ஹவுசிங்கை உரசக் கூடாது.

கரும்புகை

டீசலுக்குத் தேவையான காற்று இல்லை. முதலில் ஏர் ஃபில்டர். ரெஸ்ட்ரிக்ஷன் இண்டிகேட்டர் சிவப்புக் காட்டினால் எலிமெண்டை மாற்றவும். ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளிருந்து வெளியே, 2 பாருக்குக் குறைவாக. ஊதிய பிறகு உள்ளே பல்பு போட்டுப் பார்த்து, ஒளி ஒரு புள்ளியாகத் தெரிந்தால் தூக்கிப் போடவும். அந்த ஓட்டை வழியே போகும் தூசிதான் லைனரைத் தேய்க்கும். ஆயில் பாத் வகையில் ஆயிலைக் கோட்டுக்கு மேல் ஊற்ற வேண்டாம், இன்ஜின் அதை இழுத்து எரிக்கும்.

ஃபில்டர் சரி என்றால் நாசில். ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் துணி சுற்றி அரைச் சுற்றுத் தளர்த்தி, இறுக்கி, அடுத்ததற்குப் போகவும். எதைத் தளர்த்தும்போது புகை குறைகிறதோ அந்த நாசில் ஒழுகுகிறது. எதைத் தளர்த்தியும் இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. நாசிலைச் செட்டாக டெஸ்ட் செய்து, எல்லாவற்றுக்கும் ஒரே திறக்கும் பிரஷர் வைக்கவும். திரும்ப மாட்டும்போது அடியில் உள்ள பழைய காப்பர் வாஷர் துளைக்குள்ளேயே தங்கியிருக்கும்; எடுக்காமல் புதிதைப் போட்டால் நாசில் முனை மேலே தூக்கி நின்று ஸ்பிரே தவறான இடத்தில் விழும்.

டேப்பட்டையும் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி) இங்கேயே பார்த்துவிடலாம். பிடிப்பாக நிற்கும் டேப்பட்டால் வால்வு மூடாமல் கருகும், கம்ப்ரஷன் போகும். டாடா 697-இல் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-5-3-6-2-4 என்பதால் ஜோடிகள் 1-6, 5-2, 3-4; மற்ற இன்ஜினில் வரிசையை மேனுவலில் பார்க்கவும். 6-ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஏறி இறங்கும் நிலையில் (எக்ஸாஸ்ட் மூடி இன்லெட் திறக்கத் தொடங்கும்போது) 1-ஐ செட் செய்யவும். கிராங்கை 120 டிகிரி திருப்பினால் 2-இல் அந்த நிலை வரும், 5-ஐ செட் செய்யவும். இப்படியே ஃபயரிங் ஆர்டரில் 3, 6, 2, 4. எவ்வளவு இடைவெளி என்பதை உங்கள் இன்ஜின் மேனுவலிலோ வால்வு கவர் தகட்டிலோ பார்த்தே வைக்கவும். இன்லெட்டை விட எக்ஸாஸ்ட் இடைவெளி பெரும்பாலும் அதிகம். இரண்டையும் மாற்றி வைப்பது சகஜமான தவறு. ராக்கர் முனையில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் குழியின் மேலே பாலம் போட்டு நிற்கும், அளவு பொய். அந்த ராக்கரை மாற்றவும்.

நீலப் புகை, ஆயில் குறைவு

எப்போது வருகிறது என்பதில்தான் விடை. நெடுநேரம் ஐடிலில் நின்று, பிறகு ரேஸ் கொடுக்கும்போது ஒரு வீச்சு வந்தால் வால்வு கைடு அல்லது டர்போ சீல். லோடில் விடாமல் வந்து, பிரீதர் பைப்பிலும் (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் பைப்) புகை தள்ளினால் ரிங், லைனர்.

டர்போவைக் குற்றம் சொல்லும் முன் அதன் ஆயில் ரிட்டர்ன் பைப்பைப் பார்க்கவும். அது நசுங்கியோ அடைத்தோ இருந்தால் நல்ல டர்போவும் ஆயில் தள்ளும். பிரீதர் அடைத்தாலும் அப்படித்தான்.

யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு: பிரேக் ஏர் கம்ப்ரசர். அதற்கு ஆயில் இன்ஜினிலிருந்துதான் போகிறது. ரிங் தேய்ந்தால் ஆயில் ஏர் டேங்குக்குப் போய்ச் சேரும். சைலன்சரில் புகையே இருக்காது, ஆனால் டிப்ஸ்டிக் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏர் டேங்க் டிரெயினைத் திறந்து ஒரு டப்பாவில் பிடியுங்கள். சில சொட்டு ஈரம் பரவாயில்லை, ஆயிலாகவே கொட்டினால் கம்ப்ரசர் கிட் மாற்றவும். பிரேக் வால்வுகளின் ரப்பரும் அதனால் கெடும்.

ஆயில் அளவு குறையாமல் ஏறினால் அது இன்னும் ஆபத்து. டீசல் வாசனை அடித்தால் ஃபீட் பம்ப் சீல், இன்ஜெக்ஷன் பம்ப், ஒழுகும் நாசில் என்ற வரிசையில் தேடவும். டீசல் கலந்த ஆயிலில் ஒரு நடைகூட ஓட்ட வேண்டாம், பேரிங் போகும். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர்.

ஆயில் பிரஷர் லைட் எரிகிறது

டேஷ்போர்டை நம்பாமல் மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் 1 பார் அருகே, ஓட்டத்தில் ஆயிரம் ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு. சரியான அளவு மேனுவலில் இருக்கும். கேஜில் சரி என்றால் சுவிட்ச் மாற்றினால் போதும்.

உண்மையிலேயே குறைவு என்றால் ஆயில் கிரேடு, ரிலீஃப் வால்வு ஸ்பிரிங், சம்ப்பில் உள்ள ஸ்ட்ரெய்னர், அதன் பிறகே பேரிங். ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள் என்றால் பேரிங்கின் மேல்பூச்சு போய் உள் உலோகம் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் துகள் ரிங், கியர், கேம் பக்கம். இதை மறைக்கக் கெட்டியான ஆயில் ஊற்றினால் லைட் அணையும், கிராங்க் சேதம் நிற்காது. ஆரம்பத்திலேயே சம்ப் இறக்கினால் பேரிங் மாற்றிப் பிழைக்கலாம். தாமதித்தால் கிராங்கை 0.25 அல்லது 0.50 மி.மீ. கிரைண்டிங் செய்ய நேரும்.

சூடேறுகிறது

ரேடியேட்டர் மூடியை ஆறிய பிறகே திறக்கவும். மெதுவாக ஓடும்போதும் நிற்கும்போதும் சூடேறினால் காற்றோட்டம்: ஃபேன் பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. இறங்க வேண்டும். மேட்டில் லோடோடு மட்டும் ஏறினால் ரேடியேட்டருக்குள் அடைப்பு, எக்ஸாஸ்ட் பிரேக், அல்லது டைமிங். வெளியே ஃபின்களில் உள்ள மண்ணை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிக் கழுவவும்; முன்பக்கமிருந்து அடித்தால் மண் இன்னும் உள்ளே இறுகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது நம் ஊரில் வழக்கம். அது தவறு. பல இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு பைபாஸ் வழியே ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். சோதிக்க, பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டுக் காய்ச்சி, அதன் மேல் அச்சிட்ட சூட்டில் திறக்கிறதா என்று பார்க்கவும்.

சேலம், நாமக்கல் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு பிளாக்குக்குள் படிந்து சூட்டை வெளியே விடாது. அதை ஊற்றி ஓட்டிய இன்ஜினில் ரேடியேட்டர் மட்டும் மாற்றிப் பயனில்லை. பிளாக்கையும் கழுவி, கூலண்ட்டை டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து ஊற்றவும். வெட் லைனர் (லைனரின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீர் படும்) இன்ஜின்களில் கூலண்ட் இல்லாவிட்டால் லைனரின் வெளிப்பக்கம் ஊசிக் குழிகள் விழுந்து ஒருநாள் தண்ணீர் உள்ளே வரும்.

ரேடியேட்டரில் ஆயில் மிதந்து, சம்ப் ஆயில் சுத்தமாக இருந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். ஓட்டத்தில் ஆயில் பிரஷர் தண்ணீர் பிரஷரை விட அதிகம், அதனால் ஆயில் கூலர் ஓட்டையில் ஆயில்தான் தண்ணீருக்குப் போகும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே ரேடியேட்டரில் விடாமல் குமிழி கிளம்பினால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு.

சத்தம்

முன் சொன்னபடி பைப் நட்டைத் தளர்த்தும்போது சத்தம் முழுக்க மறைந்தால் நாசில் அடி. குறைந்து, ஆனால் மறையாவிட்டால் அந்தச் சிலிண்டரின் பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கில் சேரும் பேரிங்) அல்லது பிஸ்டன் பின். குளிரில் மட்டும் கேட்டுச் சூடானதும் போனால் பிஸ்டன் ஆட்டம். அதோடு நெடுங்காலம் ஓடும் வண்டிகள் உண்டு. லோடில் ஆழமாக 'தொம்' என்று வந்து ஆயில் பிரஷரும் குறைந்தால் மெயின் பேரிங். அந்த இடத்திலேயே நிறுத்தி, டோ செய்து கொண்டுபோகவும்.

தானாக ரேஸ் ஏறுகிறது

ஸ்டாப் இழுத்தும் நிற்காவிட்டால், இன்ஜின் டர்போ வழியே தன் ஆயிலையே எரிக்கிறது. பிரேக்கை அழுத்தி, டாப் கியரில் போட்டு கிளட்சை விட்டு அணைக்கவும். இல்லாவிட்டால் ஏர் இன்டேக் வாயைத் தடித்த பலகையால் மூடவும். கை, சட்டை, சாக்கு எதுவும் வேண்டாம், உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இனி ஓவர்ஹால்தானா?

எல்லா இன்ஜெக்டரையும் கழற்றி, ஸ்டாப் இழுத்த நிலையில், சூடான இன்ஜினில், முழு சார்ஜ் பேட்டரியோடு டீசல் கம்ப்ரஷன் கேஜில் ஒவ்வொரு சிலிண்டராக அளக்கவும். இந்த வகை இன்ஜின்களில் 20 பாருக்குக் கீழே போனாலோ, சிலிண்டர்களுக்குள் 3-4 பார் வித்தியாசம் இருந்தாலோ கவலைப்பட வேண்டும். ஒன்றில் மட்டும் குறைவு என்றால் வால்வு அல்லது கேஸ்கட், ஹெட்டோடு முடியலாம். ஆறிலும் சமமாகக் குறைந்து, பிரீதரும் தள்ளி, ஆயிலும் குடித்தால் கிட்தான்.

கிட் போடும்போது கனெக்டிங் ராட் நேராக இருக்கிறதா என்று லேத்தில் பார்க்கச் சொல்லவும், ஆயில் பம்பைத் திறந்து கியர் இடைவெளியை அளக்கவும், பழைய ஆயில் கூலரைக் கழுவாமல் மாட்ட வேண்டாம். போன பேரிங்கின் துகள் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்டாப் இழுத்துப் பிடித்துச் செல்ஃப் அடித்து, கேஜில் ஆயில் பிரஷர் ஏறிய பிறகே டீசல் விடவும். புது ரிங்கை ஐடிலில் மணிக்கணக்கில் ஓட்டினால் லைனர் பளபளத்து ரிங் உட்காராது, ஆயில் குடிப்பது தொடரும். மிதமான லோடு ஏற்றி, ஆர்பிஎம்மை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் 1,000 கி.மீ.க்குள் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, அப்போதே டேப்பட்டை மறுபடி செட் செய்யவும். ஹெட் போல்ட் மறுபடி இறுக்க வேண்டிய கேஸ்கட்டா என்பதைக் கேஸ்கட் பாக்கெட்டில் படித்துவிட்டு இறுக்கவும்.